வேற்றுருவில் கேட்டவள்

சபை நாகரிகம் என்பது நம் கல்லூரிகளில் சுற்றறிக்கைச் சொல்லாகிவிட்டது. விசில் அடிக்கக் கூடாது, பாதியில் எழுந்து போகக் கூடாது, செல்போனை அணைத்து வைக்க வேண்டும், பேசுகிறவர் முடிக்கிறவரை வாய் திறக்கக் கூடாது. இவ்வளவும் நடந்துவிட்டால் சபை பண்போடு நடந்துகொண்டது என்று நன்றியுரையில் சொல்லி, பொன்னாடைகளை மடித்து வைத்துக்கொண்டு கலைந்துவிடலாம். என்ன விஷயம் பேசப்பட்டது, கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் அது யாரைத் தொட்டது, தொடப்பட்டவர் என்ன ஆனார் என்பதெல்லாம் இந்த நாகரிகத்தின் எல்லைக்குள் வருவதில்லை. மாணவர்களின் சபை நடத்தை கெட்டுவிட்டது என்று வருத்தப்படுகிறவர்களைப் படிக்கும்போது, இவர்கள் கவலைப்படுவது பேச்சாளரின் சௌகரியத்தைப் பற்றி மட்டும்தானோ என்ற சந்தேகம் எனக்கு வருகிறது.

கருக்கலைப்பு என்ற பொருளை வைத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம். மகளிர் தினத்தை ஒட்டியோ, மன்ற விழா என்ற பெயரிலோ இது பட்டிமன்றத் தலைப்பாகும். உரிமையா, பாவமா என்று கேட்பார்கள். அணிக்கு மூன்று பேர், நடுவில் ஒரு நடுவர். யார் எந்த அணி என்பது பெரும்பாலும் சீட்டுக் குலுக்கிப் போட்டது. பாவம் என்று பேச வந்த பையன் 'தப்புப் பண்ணியவள்' என்று ஆரம்பித்தவுடன் பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழும். உரிமை என்று பேச வந்த பெண் அதற்கு மடக்கு ஒன்று சொல்வாள். அதற்கும் அதே வரிசை கைதட்டும். சிரித்ததும் தட்டியதும் ஒரே கைகள்தான், ஒரே காரணத்துக்காகத்தான். பேச்சு எந்தப் பக்கம் போகிறது என்பதில் அவற்றுக்கு அக்கறை கிடையாது. நறுக்காக ஒன்று விழுந்தது, அவ்வளவு.

இந்தக் கைகளைப் பழக்கியது பட்டிமன்றம். 1939இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கிய பின் வளர்ந்த இலக்கிய மேடையில் பரதனா, இலக்குவனா, கும்பகர்ணனா என்று வாதாடினார்கள். யார் ஜெயித்தாலும் எவருக்கும் வலிக்கவில்லை. அங்கே கேட்பவனின் வேலை ரசிப்பது; ஒரு பாட்டை இப்படித் திருப்பிவிட்டாரே என்று தலையாட்டுவது. அது நாகரிகமான வேலைதான். குன்றக்குடி அடிகளார் போன்றவர்கள் சமூகப் பிரச்னைகளை இந்த வடிவத்துக்குள் கொண்டுவந்தபோது விஷயம் மாறியது, கேட்பவன் மாறவில்லை. பரதனுக்குத் தட்டிய கையாலேயே வரதட்சிணைக்கும் தட்டினான். பிறகு டெலிவிஷன் வந்து பண்டிகைக் காலையின் நகைச்சுவையாக அதை ஆக்கிக்கொண்டது. இப்படி மூன்று தலைமுறையாகப் பழகிவந்த ஒரு ரசிகனிடம் கருக்கலைப்பைக் கொண்டுபோய் வைத்துவிட்டு அவன் விசில் அடிக்கிறான் என்று குறைப்படுவதில் அர்த்தமில்லை. அவனுக்கு வேறென்ன தெரியும்?

இங்கு வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 1943 பிப்ரவரி 9ஆம் தேதி சென்னை சட்டக் கல்லூரி மண்டபத்தில், கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்தலாமா என்று விவாதித்தார்கள். கொளுத்தலாம் என்று அண்ணாதுரை, கூடாது என்று ரா. பி. சேதுப்பிள்ளை. மார்ச் 14இல் சேலத்தில் மறுபடியும். இந்தமுறை எதிரே நாவலர் சோமசுந்தர பாரதியார். அண்ணாவின் பேச்சு 'தீ பரவட்டும்' என்று புத்தகமாகிப் பல பதிப்புகள் கண்டது. புத்தகத்தைக் கொளுத்துவது என்ற காரியம் எனக்குச் சம்மதமில்லை, அது வேறு விஷயம். இங்கே கவனிக்க வேண்டியது, இரண்டு பக்கத்திலும் நின்றவர்கள் அவரவர் நம்பியதைப் பேசினார்கள் என்பது. யாரும் சீட்டுக் குலுக்கி அணி சேரவில்லை. தோற்றால் ஏதோ ஒன்று உண்மையாகவே இல்லாமல் போகும் என்று இரண்டு தரப்புக்கும் தெரியும். கேட்க வந்தவனுக்கும் தெரியும். அந்த நாள் மேடைப் பேச்சுகளை அச்சில் படிக்கிறபோது அடைப்புக்குறிக்குள் கைதட்டல், சிரிப்பு, ஆரவாரம் என்று வரும். அவையும் பிரதியின் பகுதி. ஆனால் யார் சிரித்தார்கள், யார் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள் என்பது அடைப்புக்குறிக்குள் வராது. சபையை ஒற்றை வாயுள்ள பிராணியாகவே நாம் பதிவு செய்து வந்திருக்கிறோம்.

தவிர, அங்கே பொருள் ஒரு காவியம். கம்பன் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கவில்லை.

கருக்கலைப்பைப் பற்றிப் பேசும்போது கூடத்தில் அவள் உட்கார்ந்திருக்கலாம். முந்நூறு பேரில் ஒருத்தியோ, இரண்டு பேரோ. அவளே இல்லாவிட்டால் அவள் அக்கா, அவள் அம்மா. இது ஊகத்தின்மேல் கட்டிய நாடகமல்ல. நம் ஊர்களின் சாதாரண நிலைமை. கெடாரிலும் காணையிலும் இதற்கு எத்தனை பேச்சு வழக்குகள்! கலைச்சுட்டா, கழுவிட்டு வந்தா, வயித்துல தங்கல, தேதி தள்ளிப்போயி வந்துருச்சு. தானாகப் போனதும் போக்கிக்கொண்டதும் பேச்சில் ஒன்றாகவே கலந்து கிடக்கும், வேண்டுமென்றேதான் அப்படி. பக்கத்து வீட்டுக்காரி புரிந்துகொள்வாள், ஆனால் புரிந்துகொண்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டாள். என் பார்வையில் சபை நாகரிகம் என்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது. மேடைத் தமிழ் இந்தக் கலவையை உடைத்து, சிதைவு தனி, கலைப்பு தனி, அதிலும் கலைப்பு என்றால் கொலை என்று வரிசைப்படுத்திக்கொண்டு மைக்கின் முன்னால் வருகிறது.

கொலை என்ற சொல் இங்கே வந்து ஒட்டிக்கொண்டதற்கு ஒரு சரித்திரமும் உண்டு. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் சிசுக்கொலை 1980களின் மத்தியில் பத்திரிகைகளுக்கு வந்தது. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம். 1994இல் கருவின் பாலினம் பார்த்துச் சொல்வதைத் தடுக்கும் சட்டம். இவை வேண்டியிருந்தன, தாமதமாகவும் வந்தன. ஆனால் இவற்றின் நிழலில் தமிழ்ப் பொதுமேடையில் கருக்கலைப்பு என்றாலே பெண்கருவை அழிப்பது என்று அர்த்தமாகிவிட்டது. ஒரு பெண் தனக்கு வேண்டாத கர்ப்பத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், கள்ளிப்பாலைக் கையில் வைத்திருப்பவளாக அவளை நிறுத்திவிட எதிரணிக்கு ஒரு வாக்கியம் போதும். பெண் வேண்டாம் என்று வீடு முடிவு செய்வதும், இப்போது பிள்ளை வேண்டாம் என்று ஒருத்தி முடிவு செய்வதும் எதிரெதிரான காரியங்கள். முன்னதில் அவளிடம் யாரும் கேட்பதில்லை. இந்த வேறுபாட்டைச் சொல்ல ஐந்து நிமிஷம் வேண்டும். பட்டிமன்றத்தில் ஐந்தாவது நிமிஷம் மணி அடிக்கும்.

உரிமையா என்ற கேள்வியும் அரைகுறைதான். 1860இன் தண்டனைச் சட்டத்தில் கருவைக் கலைப்பது குற்றம். கலைத்துக்கொண்ட பெண்ணும் குற்றவாளி. சாந்திலால் ஷா கமிட்டியின் அறிக்கைக்குப் பிறகு 1971இல் இயற்றப்பட்டு 1972 ஏப்ரலில் அமலுக்கு வந்த சட்டம் அந்தக் குற்றத்தை நீக்கவில்லை, விலக்குகளைத்தான் கொடுத்தது. நல்லெண்ணத்தோடு ஒரு முடிவுக்கு வருகிறவர் டாக்டர். அவர் முடிவு செய்தால் கலைக்கலாம். எனக்கு வேண்டாம் என்று பெண் சொல்வது மட்டும் காரணமாகாது. கர்ப்பத்தடைச் சாதனம் தவறிப்போனதால் உண்டான கர்ப்பம் என்ற காரணம் 2021 திருத்தம்வரை கல்யாணமானவளுக்கு மட்டுமே எழுதப்பட்டிருந்தது. அந்தத் திருத்தம்தான் 'கணவன்' இருந்த இடத்தில் 'துணை' என்று மாற்றியது, சில வகையினருக்கு 24 வாரம்வரை அனுமதித்தது. இனப்பெருக்கத்தில் தேர்வு என்பது தனிமனித சுதந்திரத்தில் அடக்கம் என்று சுப்ரீம் கோர்ட் 2009இல் சொன்னது. கல்யாணமாகாதவளை ஒதுக்கி வைக்க முடியாது என்று 2022 செப்டம்பரில் சொன்னது. பதினெட்டு வயதானவளுக்கு அவள் சம்மதம் ஒன்றே போதும் என்பது ஆரம்பத்திலிருந்தே சட்டத்தில் இருக்கிறது. கணவன் கையெழுத்து எங்கே என்று கேட்கிற ஆஸ்பத்திரிகளும் ஆரம்பத்திலிருந்தே இருக்கின்றன. 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்திலும் பழைய பிரிவு வேறு எண்ணோடு உட்கார்ந்திருக்கிறது. இதில் எதையும் சொல்லாமல் உரிமைக்கு மூன்று பேர், பாவத்துக்கு மூன்று பேர் என்று பிரித்துவிடுவது கேட்பவளை ஏமாற்றுவது. வீட்டுக்குப் போகும்போது அவளிடம் மடக்குகள் இருக்கும், தகவல் இருக்காது.

விழுப்புரம் ஜில்லாவில் உட்கார்ந்துகொண்டு சபையைப் பற்றி எழுதுகிறவன் கூத்தைத் தாண்டிப் போக முடியாது. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, முடிவில் படுகளம், தீமிதி. கூத்துப் பார்க்க வந்தவர்களைக் கல்லூரி முதல்வர் ஒருவர் பார்த்தாரானால் மயங்கி விழுவார். பாதிப் பேர் தூக்கம், பிள்ளைகள் ஓட்டம், ஓரத்தில் வேர்க்கடலை, கட்டியங்காரனோடு வாய்க்கு வாய். துகில் உரியும் நேரம் வரும்போது எழுப்பிவிடச் சொல்லிவிட்டுத் தூங்கியவர்கள் எழுந்து உட்காருகிறார்கள். துச்சாதனன் வேஷம் கட்டியவன் புடவையில் கை வைப்பதற்கு முன் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறான். தான் தொடப்போவது வெறும் கதையல்ல என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. சபைக்கும் தெரிந்திருக்கிறது. பெண்கள் சிலருக்கு ஆவேசம் வருகிறது. ராத்திரி முழுக்க ஒழுங்கில்லாமல் இருந்த அந்தக் கூட்டம் கேட்க வேண்டிய இடத்தில் கேட்டுவிடுகிறது. மௌனம் காப்பதும் கேட்பதும் ஒன்றல்ல என்று நான் சொல்வதற்கு ஆதாரம் தேடி வெளியே போக வேண்டியதில்லை.

அந்தக் கதைக்குள்ளும் ஒரு சபை இருக்கிறதே! பாஞ்சாலி கேட்டது சட்டக் கேள்வி. தன்னை முதலில் தோற்றானா, என்னை முதலில் தோற்றானா? தன்னைத் தோற்றவனுக்கு என்மேல் என்ன பாத்தியதை? மாதவிலக்கில் ஒற்றை ஆடையோடு இழுத்து வரப்பட்டவள் கேட்கிறாள். மகா நாகரிகமான சபை அது. யாரும் விசில் அடிக்கவில்லை. பீஷ்மர் தர்மம் சூட்சுமமானது என்றார். பதில் சொன்ன ஒரே பையன் விகர்ணனைச் சின்னவன் என்று கர்ணன் அடக்கினான். சபையில் கேள்வி எழும்போது தெரிந்தும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தப் பொய்யின் பாவத்தில் பாதி என்று விதுரர் ஒரு பழங்கதை சொல்லிப் பார்த்தார். அதுவும் எடுபடவில்லை. நம் சுற்றறிக்கைகள் கேட்பது இந்த ஹஸ்தினாபுரத்து ஒழுக்கத்தைத்தான்.

கூத்துச் சபையைக் கொண்டாடிவிட்டு நிறுத்திக்கொள்வது அசட்டுத்தனமாகும். விழுப்புரத்துக்குப் பக்கத்திலேயே மேல்பாதியில், 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். ஜூனில் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். 2024 மார்ச்சில் கோர்ட் உத்தரவின் பேரில்தான் திறந்தது. அவமானப்பட்டவளின் கேள்வியைத் தெய்வமாக்கிக் கும்பிடுகிற சபை, தன்னில் யார் உட்காரலாம் என்பதை வெட்டுக்குத்தோடு முடிவு செய்கிறது. எப்படி உட்கார வேண்டும் என்ற விதிகளுக்கு முன்னால் யார் உட்காரலாம் என்ற விதி எங்கும் எழுதாமலே இருக்கிறது.

இதை நம் காவியம் ஒன்று அப்பட்டமாகச் சொல்லியிருக்கிறது. மணிமேகலையைப் பட்டிமண்டபத்துக்குச் சான்று காட்டாத பட்டிமன்ற நடுவர் கிடையாது. இந்திர விழாவில் வாதிகள் ஏறும் மண்டபம் அதில் வருகிறது என்று ஒரு வரியைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். கடைசிப் பகுதிவரை போயிருந்தால் சங்கடப்பட்டிருப்பார். வஞ்சி நகரத்தில் பத்துச் சமயவாதிகளிடம் மணிமேகலை அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அளவைவாதியில் தொடங்கிப் பூதவாதிவரை. ஒரு காவியத்தின் நாயகி ஒரு காதை முழுக்கச் செய்கிற காரியம் கேட்பது மட்டும்தான் என்பது உலக இலக்கியத்திலேயே அபூர்வம். ஆனால் அவள் அவளாகப் போய்க் கேட்கவில்லை. நீ இளையவள், பெண். உனக்கு எவனும் உண்மைப் பொருளைச் சொல்ல மாட்டான், உருவத்தை மாற்றிக்கொள் என்று அவளுக்கு முன்பே சொல்லப்படுகிறது. சொல்கிறவள் யார்? தெய்வமாகிவிட்ட கண்ணகி. பாண்டியன் சபையில் தன் உருவத்தோடேயே போய் நின்று கேள்வி கேட்டவள், மகளுக்குச் சொல்கிற புத்தி இது. ஆண் துறவியின் உருவில் போய்த்தான் மணிமேகலை கேட்கிறாள். பூதவாதியிடம் மட்டும் அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை; கண்ணால் கண்டதே உண்மை என்றால் உன் அப்பா அம்மா யாரென்று எப்படித் தெரிந்துகொண்டாய் என்று மடக்கிவிட்டுப் போகிறாள். சபை நாகரிகத்தின்படி அதுகூடக் குற்றம்தான்.

தமிழ் விவாத மரபின் ஆகச் சிறந்த கேட்பவள் தன் வயதையும் பாலையும் மறைத்துக்கொண்டுதான் சபைக்குள் நுழைய முடிந்தது என்றால், அந்த மரபுக்கு வாரிசு என்று சொல்லிக்கொள்கிற கல்லூரி அரங்கத்தில் இன்று அவள் எந்த உருவில் இருக்கிறாள்? துண்டுச் சீட்டாக இருக்கிறாள். கேள்வியிருந்தால் எழுதி அனுப்பலாம் என்று அறிவித்ததும் பெண்கள் பகுதியிலிருந்து நோட்டின் கிழித்த தாள்கள் கை மாறி வரும். பெயர் இருக்காது. சில சமயம் கையெழுத்தைக்கூட மாற்றி எழுதியிருப்பார்கள். நடுவர் நாலைந்தைப் புரட்டிப் பார்ப்பார். எத்தனை வாரம்வரை, எந்த ஆஸ்பத்திரியில், வீட்டுக்குத் தெரியாமல் முடியுமா என்ற மாதிரிச் சீட்டுகளை அடியில் வைத்துவிடுவார். அவை அவர் கேள்விகள் அல்ல, அவருக்குப் பதிலும் தெரியாது. மேலே இருக்கிற வேடிக்கையான சீட்டை வாசித்துச் சபையைச் சிரிக்க வைப்பார். மாலையின் ஒரே உண்மையான பேச்சு அவர் கைக்கடியில் நசுங்கிக் கிடக்கும். பின்வரிசை விசிலைவிட இது அநாகரிகம் என்று நான் நினைக்கிறேன். நினைக்கிறேன் என்ன, நிச்சயம்.

வேற்றுருவுக்கு மரியாதை கொடுத்த சபை ஒன்று சமீபத்தில் அயர்லாந்தில் கூடியது. நம் பெல்காம் பக்கத்துப் பெண், பல் டாக்டர் சவிதா ஹலப்பனவர், 2012 அக்டோபரில் கால்வே ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். கரு சிதையத் தொடங்கியிருந்தது; கலைக்கச் சொல்லிக் கேட்டாள்; இதயத் துடிப்பு இருக்கிறது என்று மறுத்தார்கள். அந்த நாட்டு அரசியல் சாசனத்தின் எட்டாவது திருத்தத்தைப் பரிசீலிக்க 2016இல் தொண்ணூற்றொன்பது சாதாரணப் பிரஜைகளைப் பொறுக்கி எடுத்து, மேரி லஃபாய் என்ற நீதிபதியின் தலைமையில் உட்கார வைத்தார்கள். ஐந்து வார இறுதிகள். டாக்டர்கள், சட்டக்காரர்கள், பாதிரிகளின் பக்கம், பெண்களின் பக்கம் எல்லாம் கேட்டார்கள். கலைத்துக்கொண்ட பெண்களும் கலைக்காமல் பெற்றவர்களும் பேசியதை முகமில்லாத ஒலிப்பதிவாக அந்த அறையில் போட்டார்கள். மேடையில் நின்று அழ வேண்டியிருக்கவில்லை, யாரும் தட்டவும் இல்லை. கேட்டவர்களில் பலர் வந்தபோதிருந்ததைவிட வெகுதூரம் போய் வாக்களித்தார்கள். 2018 மே 25இல் நூற்றுக்கு அறுபத்தாறு பேர் திருத்தத்தை நீக்கச் சொன்னார்கள். முடிவு எனக்குப் பிடித்த முடிவு என்பதால் இதைச் சொல்லவில்லை. பேசுகிறவனைத் தயாரிப்பதற்குப் பதிலாகக் கேட்பவனைத் தயாரித்தார்கள், அதற்காக.

மாறுபடுவதற்கும் இங்கேயே உதாரணம் உண்டு. 2023 அக்டோபரில், இருபத்தாறு வாரக் கர்ப்பத்தைக் கலைக்க அனுமதி கேட்ட மணமான பெண்ணின் வழக்கில், சுப்ரீம் கோர்ட்டின் இரண்டு பெண் நீதிபதிகள், ஹிமா கோலியும் நாகரத்னாவும், முதலில் அனுமதித்துவிட்டு இரண்டு நாளில் இரண்டாகப் பிரிந்தார்கள். துடிக்கும் இதயத்தை நிறுத்த எந்தக் கோர்ட் சொல்லும் என்ற கேள்வி ஒருவருக்கு. அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்பது மற்றவருக்கு. பெரிய பெஞ்ச் கடைசியில் மறுத்துவிட்டது. எனக்கு நாகரத்னாவின் பக்கம்தான் சரியென்று படுகிறது. ஆனால் மற்றவரின் தயக்கத்தைக் கேலி செய்ய முடியவில்லை. பாவம் என்று பேசுகிறவர்களில் இப்படித் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சீட்டுக் குலுக்கலில் அவர்கள் தயக்கமும் கோமாளித்தனமாகிவிடுகிறது. இதுவும் ஒரு நஷ்டம்.

கூச்சலை நான் நியாயப்படுத்துகிறேன் என்று தோன்றலாம். கொஞ்சம் அப்படித்தான். மைக் இல்லாதவனுக்கு வாய்தான் இருக்கிறது. சபைகளிலிருந்து தள்ளப்பட்டவர்கள் சத்தம் போட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறார்கள். அதே சமயம், 1944இல் அன்றைய தென்னார்க்காடு ஜில்லாத் தலைநகர் கடலூரில் பெரியார்மேல் செருப்பு வீசியவர்களை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. ஒற்றைச் செருப்பால் என்ன பிரயோஜனம், மற்றதையும் வாங்கிக்கொள்ளலாம் என்று வண்டியைத் திருப்பினாராம் அவர். கர்ப்பத்தடையை ஜனத்தொகைக்காகவோ குடும்பச் சொத்துக்காகவோ பேசாமல் பெண்ணின் சுயேச்சைக்காகப் பேசியவர். 1936லேயே 'கர்ப்ப ஆட்சி' என்று புத்தகம் போட்டவர். நான் சொல்கிறேன் என்பதற்காக நம்பாதே என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னார். இன்று அவர் பெயரில் நடக்கும் பேச்சுப் போட்டிகளில் அவர் சொன்னதற்கு மார்க் போடுகிறோம்.

ஒரு நடைமுறை விஷயம் பாக்கி. கேள்வி நேரம் எப்போதும் கடைசியில் வருகிறது. அதற்குமுன் நடுவர் தீர்ப்பு என்று முக்கால் மணி நேரம். அதற்குள் கெடார், கண்டாச்சிபுரம் பக்கத்துப் பெண்கள் டவுன் பஸ்ஸுக்கு எழுந்து போய்விட்டிருப்பார்கள். பாதியில் எழுந்து போவது பண்பல்ல என்று மைக்கில் சொல்வது அவர்கள் முதுகுக்குத்தான். தீர்ப்பை எடுத்துவிடலாம். உரிமையா பாவமா என்று ஒரு தமிழாசிரியர் தீர்ப்புச் சொல்லி ஆகப்போவது எதுவுமில்லை. அந்த முக்கால் மணியை முதலிலேயே சீட்டுகளுக்குக் கொடுத்து, மேடையில் ஒரு லேடி டாக்டரையும் ஒரு வக்கீலையும் உட்கார வைத்து, வந்த சீட்டை வந்த வரிசையில், எழுதியிருக்கிறபடியே, குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசிக்கச் சொல்ல வேண்டும். வாசித்து முடித்ததும் சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும், கையெழுத்தை யாரும் பார்க்காதபடி.